கொல்லைக் கோழி முட்டை: கூடை வைப்பது முதல் அடுப்பில் ஏற்றுவது வரை

லால்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்கின்றன. புதிதாகக் கோழி வாங்குகிறவர்கள் என்னிடம் வந்து தீனியைப் பற்றிக் கேட்பார்கள், நோயைப் பற்றிக் கேட்பார்கள். முட்டை எடுப்பதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. குனிந்து எடுத்தால் தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள்.

என் தங்கை மகன் நான்கு கோழிகள் வாங்கி மூன்று மாதம் கழித்து, "பெரியம்மா, ஒன்றுகூட முட்டையிடவில்லை. ஏமாற்றி விற்றுவிட்டார்கள்" என்று வருத்தப்பட்டான். போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் கனகாம்பரப் புதருக்குப் பின்னால், சருகுக் குழியில் பதினேழு முட்டைகள் கிடந்தன. பெரும்பாலானவை கெட்டுப்போயிருந்தன. கோழிகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தன. அவை எங்கே இடுகின்றன, எப்போது இடுகின்றன என்பது அவனுக்குத் தெரியவில்லை.

கொல்லையில் முட்டை எடுக்கும் வேலை முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வரிசை தவறினால் முட்டை அழுக்காகும், உடையும், புதருக்குள் போய்விடும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கைவசம் இருக்க வேண்டியவை

இரவில் அடைக்க ஒரு கூண்டு, முட்டையிட இரண்டு கூடைகள், காய்ந்த வைக்கோல், ஒரு டார்ச், உலர்ந்த பருத்தித் துணி, ஒரு பென்சில், அடியில் வைக்கோல் போட்ட சிறிய எடுப்புக் கூடை. கிளிஞ்சல் உடைத்துப் போட ஒரு தனிச் சட்டி. கோழிமுட்டை அளவில் வழுவழுப்பான வெள்ளைக் கூழாங்கல் இரண்டு. கல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சேவல் கட்டாயம் இல்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அதில் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். சாப்பிட மட்டும் முட்டை வேண்டும் என்றால் சேவல் வைக்காதிருப்பது நல்லது. ஏன் என்பதை ஏழாம் பகுதியில் பாருங்கள்.

2. எந்தக் கோழி, எத்தனை முட்டை

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். சண்டைக்கோழி இனமான அசில் அதைவிடக் குறைவாகத்தான் இடும். ஐதராபாத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனங்கள் 150-க்கு மேல் இடக்கூடியவை, அடைக்குணம் குறைவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாட்டுக்கோழி என்றால் ஆறு, கிராமப்பிரியா என்றால் மூன்று போதும்.

வாங்கும்போது நான்கு மாதம் கடந்த விடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டையாக வாங்குங்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் போட்டுவிட்டுத்தான் மற்ற கோழிகளோடு விட வேண்டும். அந்த நோய் ஒரே வாரத்தில் கொல்லையைக் காலி செய்துவிடும்.

3. முதல் முட்டைக்கு முன்பே கூடை

பலரும் முட்டை வந்த பிறகு கூடை வைக்கிறார்கள். அதற்குள் கோழி தன் இடத்தை முடிவு செய்திருக்கும். ஒருமுறை பழகிய இடத்தைக் கோழி எளிதில் விடாது. ஆகவே முதல் முட்டைக்கு மூன்று வாரம் முன்பே கூடை தயாராக இருக்க வேண்டும்.

கூடையோ மரப்பெட்டியோ எதுவானாலும் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு கோழிகள் சேர்ந்து ஏறி முட்டையை மிதிக்கும். நான்கு கோழிக்கு ஒரு கூடை என்பது கணக்கு. இரண்டு கூடை வைத்தாலும் எல்லாம் ஒன்றையே தேடிப் போகும். ஒன்று முட்டையிடும்வரை இன்னொன்று பக்கத்தில் நின்று முணுமுணுக்கும். அது இயல்பு. இருந்தாலும் இரண்டாவதை எடுத்துவிடாதீர்கள். அவசரம் வரும்போது அதுவும் பயன்படும்.

கூடை தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில், இருட்டான மூலையில் இருக்க வேண்டும். இருட்டு எதற்கு என்றால், முட்டையிடும் நேரத்தில் கோழியின் பின்புறத்துச் சிவந்த தசை சற்று வெளியே தெரியும். வெளிச்சம் இருந்தால் மற்றவை அந்தச் சிவப்பைக் கண்டு கொத்தும். காயம் பட்ட கோழி மறுபடி அந்தக் கூடைக்கு வராது. ஒரு பழைய சாக்கை முன்பக்கம் பாதி தொங்கவிட்டாலே போதும்.

வைக்கோலை நான்கு விரல் உயரத்துக்குப் போட்டு, நடுவில் கையால் அழுத்திக் குழிவாக்குங்கள். குழி இல்லாவிட்டால் முட்டை ஓரத்துக்கு உருண்டு கூடையில் மோதி விரிசல் விடும். உமியை மட்டும் போட்டால் கோழி இரண்டே கீறலில் வெளியே தள்ளிவிடும். அடியில் உமி, மேலே வைக்கோல் என்பது சரியாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு கொத்து நொச்சித் தழையும் போடுவார்கள், பேன் அண்டாமல் இருக்க. வாரம் ஒருமுறை வைக்கோலை மாற்றும்போது கூடையின் இடுக்குகளையும் பாருங்கள். பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் உண்ணிகள் பெருகியிருந்தால், நேற்றுவரை வந்த கோழி இன்று கூடைப் பக்கமே வராது.

இனி அந்தக் கூழாங்கல். அதைக் குழிவில் வையுங்கள். முட்டை கிடக்கும் இடம் பத்திரமான இடம் என்பது கோழியின் கணக்கு. நம் பாட்டிமார் ஒரு முட்டையைக் கூடையிலேயே விட்டுவைத்ததும் இதற்காகத்தான். முட்டையை விட்டுவைத்தால் அது கெடும், உடையும். கல் கெடாது. கோழி கொத்திப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

4. விடைக்கோழி தயாராகிவிட்டதா

ஐந்து, ஆறு மாதத்தில் கொண்டை வெளிறிய நிறத்திலிருந்து நல்ல சிவப்பாக மாறும். தனியாக மூலை மூலையாகப் போய் எட்டிப் பார்க்கும். வழக்கமில்லாத நீண்ட குரலில் கேறும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கும். பதுங்கத் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் முட்டையை எதிர்பார்க்கலாம்.

சந்தேகம் இருந்தால் கோழியைக் கையில் பிடித்து, பின்புறத்தில் இரண்டு இடுப்பெலும்பு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். நடுவே ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் நாளாகும். இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிறது, அல்லது இடப் போகிறது. "இடவே இல்லை" என்று நினைத்த கோழி எங்கோ ஒளித்து இடுகிறதா என்பதையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். தங்கை மகனின் நான்கு கோழிகளையும் அன்று இப்படித் தொட்டுப் பார்த்த பிறகுதான் புதரைத் தேடப் போனேன்.

முதல் சில முட்டைகள் நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கலாம், மஞ்சள்கரு இல்லாமலும் இருக்கலாம், ஓட்டில் மெல்லிய இரத்தக் கோடும் தெரியலாம். பயம் வேண்டாம். பத்து முட்டைக்குள் சரியாகிவிடும்.

5. முந்தின நாள் மாலை

முட்டை அழுக்காக வருகிறது என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கோழி இரவில் எங்கே தூங்குகிறது என்பதுதான். கூடைக்குள் தூங்குகிறது என்றால் விடை கிடைத்துவிட்டது. கோழி இரவு முழுவதும் எச்சமிடும். காலையில் அந்த எச்சத்தின் மேல்தான் முட்டை விழும்.

எனவே கூண்டுக்குள் கூடையைவிட உயரமான இடத்தில் ஒரு கழி கட்டுங்கள். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தூங்கத் தேடும். கூடை உயரமாகவும் கழி தாழ்வாகவும் இருந்தால் கூடையில்தான் அடையும். இளங்கோழிகள் பழகும்வரை மாலை ஐந்து மணிக்குக் கூடை வாயைச் சாக்கால் மூடிவிடுங்கள். இருட்டிய பிறகோ விடியுமுன்போ சாக்கை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் விடிந்ததும் முட்டை தரையில் கிடக்கும். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் பிறகு மூட வேண்டிய தேவையே இருக்காது.

தண்ணீரையும் மாலையிலேயே நிரப்பி வையுங்கள். முட்டையில் முக்கால் பங்கு நீர்தான். கோடையில் ஒரு நாள் தண்ணீர்ச் சட்டி காய்ந்தால் அடுத்த சில நாள் முட்டை குறையும்.

6. காலையில் கதவை எப்போது திறப்பது

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். விடிந்ததும் பாசத்தோடு கதவைத் திறந்துவிடுகிறார்கள். கோழி நேராக வேலியோரம் போய் இடுகிறது.

ஒரு முட்டை கோழியின் வயிற்றில் உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. பெரும்பாலும் காலையில் இடும். இன்று எட்டு மணிக்கு இட்டால் நாளை ஒன்பதை ஒட்டி, மறுநாள் பத்தை ஒட்டி என்று நேரம் தள்ளிக்கொண்டே போகும். பிற்பகலைத் தொடும்போது ஒரு நாள் விட்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். ஒரு கோழி ஒரு நாள் இடவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை.

ஆகவே முட்டையிடத் தொடங்கும் முதல் பத்து நாளும் காலை பத்தரை, பதினொரு மணிவரை கூண்டுக்குள்ளேயே வைத்திருங்கள். உள்ளே தண்ணீரும் கொஞ்சம் கம்பும் நொய்யும் இருக்கட்டும். கூண்டு வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும்; பங்குனிக்குப் பிறகு தகரக் கூரைக்கடியில் பதினொரு மணிவரை அடைத்துவைப்பது கொடுமை. கோழி கூடையில் ஏறிப் பழகிவிட்டால் பிறகு எட்டு மணிக்கே திறக்கலாம். முட்டை வரும் நேரத்தில் மேய்ச்சலை விட்டு அதுவே ஓடிவரும்.

அப்படி ஓடிவருவதைப் பார்க்க வேண்டும். எங்கள் கறுப்புப் பெட்டை வாழைக் கன்றுகளுக்கு அடியில் கிளறிக்கொண்டே இருக்கும். திடீரென்று தலையை நிமிர்த்தும். ஏதோ நினைவு வந்தவள்போல் கொல்லையைக் குறுக்கே கடந்து கூண்டுக்குள் போகும். கூடையில் ஏறி, வைக்கோலை அலகால் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முதுகில் போட்டுக்கொள்ளும். இரண்டு முறை சுற்றி உட்காரும். அதன் பிறகு அரை மணி நேரம் அசைவே இருக்காது, கண் மட்டும் பாதி மூடியிருக்கும். கடைசியில் சற்று எழுந்து நிற்கும். முட்டை ஈரப் பளபளப்போடு விழும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் சில நொடியில் மங்கிக் காய்ந்துவிடும். இதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்றும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு நின்று பார்க்கிறேன்.

கோழி உட்கார்ந்திருக்கும்போது குழந்தைகள் எட்டிப் பார்க்கலாம்; தொடக் கூடாது. கலைந்து இறங்கிய கோழி முட்டையை அடக்கிவைத்து, கண்ட இடத்தில் இட்டுவிடும். கொக்கரிப்பு கேட்ட பிறகு போங்கள். முட்டையிட்ட கோழி மட்டுமே கொக்கரிக்கும் என்றும் எண்ண வேண்டாம். பயந்தாலும் கொக்கரிக்கும், பக்கத்திலிருப்பதும் சேர்ந்து கொக்கரிக்கும்.

7. எடுப்பது

முதலில் பாருங்கள், பிறகு கையை விடுங்கள். இந்த இரண்டின் வரிசையை ஒரு நாளும் மாற்றாதீர்கள்.

ஓர் ஐப்பசி மழைக்கு மறுநாள் கறுப்புப் பெட்டை கூண்டு வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போகவில்லை, தொண்டைக்குள் ஒரு தாழ்ந்த கரகரப்பு மட்டும். நான் அவசரத்தில் கூடைக்குள் கை விடப் போனேன். கோழியின் அந்தக் குரல் என்னை நிறுத்தியது. டார்ச் அடித்தால் வைக்கோலில் நல்லபாம்பு சுருண்டிருந்தது. பின்னால் நகர்ந்து தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். வந்து பிடித்துப் போனார்கள். அன்றிலிருந்து டார்ச் கூண்டுக் கம்பியிலேயே தொங்குகிறது. கூடைக்குப் போக வேண்டிய கோழி தயங்கி நிற்கிறது என்றால் காரணம் இருக்கிறது.

எத்தனை முறை எடுப்பது? எங்கள் வீட்டில் காலை ஒன்பதரை, பகல் பன்னிரண்டரை, மாலை நான்கு. வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒருமுறை, வீட்டிலிருக்கும் ஒருவர் பகலில் ஒருமுறை என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காகக் கிடக்கும் முட்டைகள்தாம் ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. காகமும் கீரியும் முதல் முட்டையை எடுத்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்.

சேவல் இருக்கும் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. கருவுற்ற முட்டைக்குள் கரு ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசுக்கு மேல் மெல்ல வளரத் தொடங்கிவிடும். திருச்சி வெயிலில் அந்தச் சூட்டுக்குக் கோழியே அடைகாக்க வேண்டியதில்லை. சித்திரையில் இரண்டு நாள் கூடையிலேயே கிடந்த முட்டையை உடைத்தால் மஞ்சள்கருவில் இரத்த வளையம் தெரியக்கூடும். அன்றன்று எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்த கருவுற்ற முட்டைக்கும் கருவுறாத முட்டைக்கும் ருசியிலோ சத்திலோ வேறுபாடு இல்லை.

எடுக்கும்போது முட்டையை இரு முனையிலும் விரலால் பிடிக்காமல், அடியில் உள்ளங்கையை நுழைத்து ஏந்துங்கள். அப்போது இட்ட முட்டையில் கோழியின் உடல் சூடு, ஏறத்தாழ 41 டிகிரி, அப்படியே இருக்கும். மார்கழிக் காலையில் குளிர்ந்த கையில் அந்தச் சூட்டை வாங்கும்போது வேறெதுவும் தோன்றாது. என் பேத்தி அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். கன்னத்தில் வைத்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கையையும் சேர்த்து. ஓட்டின் மேலே எச்சத்தின் கிருமி இருக்கலாம் என்பதால் இதில் சலுகை கிடையாது.

முந்தானையில் முடிந்துகொண்டு வருவதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். எடுத்ததும் நேராக வீட்டுக்குள் வாருங்கள். உடைந்தவற்றில் பாதி, "ஒரு நிமிடம்" என்று துவைகல்லின் மேல் வைத்தவைதாம்.

8. துடைப்பதா, கழுவுவதா

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. இட்டதும் காய்ந்து படியும் அந்த ஈரப் பூச்சு துளைகளை அடைத்துக் கிருமியை வெளியே நிறுத்துகிறது. தண்ணீரில் கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும். ஆகவே சுத்தமான முட்டையைக் கழுவவே கூடாது. சிறு அழுக்கு என்றால் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் வெதுவெதுப்பான ஓடும் நீரில் கழுவி, துடைத்து, அன்றே சமைத்துவிடுங்கள். குளிர்ந்த நீர் வேண்டாம். குளிர்ச்சியில் உள்ளிருப்பது சுருங்கி, வெளி நீரை அழுக்கோடு துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வாளி நீரில் ஊறவைப்பது இன்னும் கெடுதல். விரிசல் விட்ட முட்டை உடனே அடுப்புக்குப் போக வேண்டும். எச்சம் பட்ட விரிசல் என்றால் தூக்கிப் போடுங்கள்.

9. வைப்பது

பென்சிலால் தேதி எழுதுங்கள். மை வேண்டாம், ஓட்டின் துளை வழியே உள்ளே இறங்கும். கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே இருக்கட்டும். காற்றறை அகன்ற பக்கத்தில் இருக்கிறது. தலைகீழாக வைத்தால் காற்று மேலே எழும்பி மஞ்சள்கருவைத் தள்ளும்.

கழுவாத முட்டை மார்கழி, தை மாதங்களில் வெளியே பத்து நாள் நன்றாக இருக்கும். கோடையில் நான்கைந்து நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒரு மாதம் தாங்கும், கதவில் வைக்காமல் உள் தட்டில் வைத்தால். ஒருமுறை பெட்டிக்குள் போன முட்டையைத் திரும்ப வெளியே வைத்துவிடாதீர்கள். ஓட்டில் வியர்த்து, அந்த ஈரத்தில் கிருமி உள்ளே இறங்கும்.

தேதி தெரியாத முட்டையை ஒரு குண்டான் தண்ணீரில் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதிது. அடியில் நின்றால் பழையது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மிதந்தால் வேண்டாம். நாள் ஆக ஆக உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் காற்றறை பெரிதாவதால்தான் மிதக்கிறது. புதருக்குள் கண்டெடுத்த முட்டை எதுவானாலும் இந்தச் சோதனைக்குப் பிறகும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டே சட்டியில் ஊற்றுங்கள்.

10. முட்டையைப் பார்த்துக் கோழியை அறிவது

தினமும் கையில் எடுப்பதன் பெரும் பயன் இது. ஓடு சொல்லும் செய்தியைக் கோழியின் நடை சொல்வதற்கு இரண்டு வாரம் ஆகும்.

ஓடு மெலிந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. கிளிஞ்சலை அரிசி அளவுக்கு உடைத்துத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே தின்னும். தீனியோடு கலக்காதீர்கள், முட்டையிடாத இளங்குஞ்சுகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். கோடையில் கிளிஞ்சல் இருந்தும் ஓடு மெலியும். வெப்பம் தாங்காமல் கோழி வாய் திறந்து மூச்சிரைக்கும்போது, ஓடு கட்டத் தேவையான கரியமில வாயு உடலிலிருந்து அதிகம் வெளியேறிவிடுகிறது. அதற்கு மருந்து நிழலும் குளிர்ந்த நீரும்தான். மண்சட்டியில் ஊற்றி ஒரு நாளில் மூன்று முறை மாற்றுங்கள்.

ஓடே இல்லாமல் தோல்முட்டை ஒன்று வந்தால் விட்டுவிடுங்கள். இரவில் நாயோ வெடிச் சத்தமோ பயமுறுத்தியிருக்கும். தொடர்ந்து வந்தால், பல கோழிகள் ஒரே நேரத்தில் ஒழுங்கற்ற முட்டையிட்டால், அதோடு சளியும் சோர்வும் தெரிந்தால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள்கரு வெளிறியிருந்தால் கோழிக்குப் பச்சை கிடைக்கவில்லை. முருங்கை, அகத்தி, கீரைத்தண்டு எதையாவது கட்டித் தொங்கவிடுங்கள். பத்து நாளில் நிறம் ஏறும். மஞ்சள்கருவில் சிறு இரத்தப் பொட்டு கெட்டதன் அடையாளம் இல்லை. ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பே கிடையாது.

மழைக்காலத்தில் பகல் குறுகும்போது முட்டை குறையும். இறகு உதிர்க்கும் மாதங்களில் அடியோடு நிற்கும். புது இறகு முளைக்கவும் நிறையச் சத்து வேண்டும். அப்போது கொஞ்சம் கூடுதல் புண்ணாக்கும் கறையானும் கொடுங்கள், காத்திருங்கள்.

11. முட்டை தின்னும் கோழி

கூடையில் ஈரமும் மஞ்சள் கறையும் இருக்கிறது, ஓடு இல்லை என்றால் கோழிகளின் அலகைப் பாருங்கள். மஞ்சள் காய்ந்திருக்கும். இது தற்செயலாக உடைந்த ஒரு முட்டையில் தொடங்கி, ருசி கண்டு, மற்ற கோழிகளுக்கும் பரவும்.

எடுக்கும் இடைவெளியைக் குறையுங்கள், கூடையை இன்னும் இருட்டாக்குங்கள், கிளிஞ்சல் தீராமல் பாருங்கள், கூழாங்கல்லை இரண்டாக்குங்கள். கல்லைக் கொத்திச் சலித்து விட்டுவிடும் கோழிகளே அதிகம். சமையலறை முட்டை ஓட்டைக் கோழிக்குப் போடுவதாக இருந்தால் வறுத்துப் பொடியாக்கிப் போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் ஓட்டுக்கும் முட்டைக்கும் உள்ள உறவை நீங்களே கற்றுக்கொடுத்ததாகும். அலகைச் சுடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

12. அடைக்கு உட்கார்ந்துவிட்டால்

கூடையை விட்டு இறங்காமல், கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துச் சீறினால் அடைக்கோழி. இனி முட்டை இருக்காது. இரண்டில் ஒன்றை அன்றே முடிவு செய்யுங்கள்.

குஞ்சு வேண்டுமென்றால், சேவலோடு இருந்த கோழிகளின் முட்டைகளில் ஏழு நாளுக்கு உட்பட்ட, கழுவாத, ஒழுங்கான வடிவமுள்ள பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்து இரவில் வையுங்கள். பென்சிலால் எல்லாவற்றிலும் குறியிடுங்கள். மற்ற கோழிகள் அதே கூடையில் வந்து இட்டால் குறியில்லாததை எடுத்துவிடலாம். ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலைபோல் இரத்த நாளம் தெரிந்தால் கரு வளர்கிறது, தெளிவாக இருந்தால் கூழ்முட்டை. 21-ஆம் நாள் பொரிக்கும்.

குஞ்சு வேண்டாமென்றால் அடியில் காற்று வரும்படி உயர்த்திய கம்பி வலைக் கூண்டில் மூன்று, நான்கு நாள் தீனியும் தண்ணீரும் கொடுத்து வையுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் அடைக்குணம் போகும். இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். மூக்கில் இறகு குத்துவதையும் தண்ணீரில் முக்கி எடுப்பதையும் விட்டுவிடுவோம்.

13. அடுப்புக்கு

அன்றைய முட்டையை அன்றே அவித்தால் தோல் உரியாது, வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வரும். புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு தேங்கியிருப்பதால் சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. அவிப்பதற்கு ஐந்தாறு நாள் ஆன முட்டையை எடுங்கள். தேதி எழுதச் சொன்னது இதற்கும்தான். அன்றைய முட்டை ஆப்பத்தில் உடைத்து ஊற்றவும் கலக்கிக்கும் ஏற்றது. வெள்ளை பரவாமல் கூடி நிற்கும், மஞ்சள்கரு மேடாக எழும்பி நிற்கும்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பது நம் வீடுகளில் உண்டு. எனக்கும் கொடுத்தார்கள். என் மகளுக்கு நான் வேகவைத்தே கொடுத்தேன். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்துக் கொடுங்கள்.

நாட்டுக்கோழி முட்டை 35, 40 கிராம்தான் இருக்கும். கடை முட்டையை நினைத்துக் குழம்புக்கு எண்ணாதீர்கள். ஆளுக்கு ஒன்று என்பதை இரண்டு பேருக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் தங்கை மகன் ஒரு தூக்குச்சட்டியில் வைக்கோல் போட்டு ஒன்பது முட்டை கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொன்றிலும் பென்சிலில் தேதி இருந்தது. ஒன்று இன்னும் சூடாக இருந்தது.